வாய்ப்புற்றுநோய்: எங்கள் வீட்டில் பலரும் கேட்கும் கேள்விகளும் எங்கள் பதில்களும்

என் அப்பாவுக்கு வலது கன்னத்தின் உள்பக்கம் புற்றுநோய் வந்து தாடை எலும்பையும் தொட்டிருந்தது. ஆபரேஷன், கரண்ட் என்று நாங்கள் சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சை, கீமோ எல்லாம் முடிந்து இப்போது கும்பகோணம் பக்கத்தில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். சொந்தத்திலோ தெருவிலோ யாருக்காவது இந்த நோய் என்று தெரிந்தால் எங்களுக்குத்தான் போன் வருகிறது. பெரும்பாலும் அதே கேள்விகள்தான். சில கேள்விகளை எங்களிடம் கேட்கக் கூச்சப்பட்டு வேறு யாரிடமோ கேட்டுவிட்டு, தப்பான பதிலோடு வருகிறார்கள். அதனால் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து, அளவு எல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான். வீட்டுக்குள் நடப்பது எனக்குத் தெரியும்.

முதலில் எப்படித் தெரிந்தது?

கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்தில் ஒரு புண். காரம் பட்டால் எரிகிறது என்றார். முதலில் பார்த்த இடத்தில் பல் குத்தியிருக்கும் என்று ஜெல் கொடுத்தார்கள். புண் ஆறவில்லை. பிறகு அந்தப் பக்கத்துப் பல் ஒன்று ஆட ஆரம்பித்தது, காதுக்குள் வலித்தது. காது வலிக்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம் என்று நாங்கள் காது டாக்டரிடம் போனோம். அவர்தான் டார்ச் அடித்து வாயைப் பார்த்துவிட்டு, "உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார்.

அப்பா நெல் மண்டியில் கணக்கு எழுதியவர். சின்ன வயதிலிருந்து வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கொஞ்சம் புகையிலை. இரவில் வலது கன்னத்தில் அடக்கிக்கொண்டே தூங்கிவிடுவார். புண் வந்ததும் அதே இடத்தில்தான். கன்னமும் ஈறும் சேரும் அந்தப் பள்ளத்தில் வருவதுதான் நம் நாட்டில் அதிகம் என்று டாக்டர் சொன்னார்.

வாயில் எந்தப் புண்ணும் இரண்டு, மூன்று வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் காட்டிவிட வேண்டும். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, கழுத்தில் கட்டி, வாயைத் திறந்தால் மூன்று விரல் நுழையாத அளவுக்கு இறுக்கம், இவையும் அப்படித்தான். வலி இல்லையே என்று விடாதீர்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இருக்காது.

சதை எடுத்து டெஸ்ட் செய்தால் நோய் பரவிவிடும் என்கிறார்களே?

இல்லை. கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சை நம்பித்தான் நிறைய பேர் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். பரவுவது அந்த மாதங்களில்தான். சதை எடுத்துப் பார்க்காமல் எந்த நல்ல டாக்டரும் சிகிச்சை தொடங்க மாட்டார். அப்பாவுக்கு மரத்துப்போக ஊசி போட்டு, அரிசியளவு சதை எடுத்தார்கள். அன்று சாயங்காலமே காபி குடித்தார்.

அவரிடம் உண்மையைச் சொன்னீர்களா?

சொன்னோம். இதில் எங்கள் வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. சித்தப்பா, "அண்ணனுக்குத் தெரிஞ்சா மனசு விட்டுடுவார், அல்சர்னு சொல்லிடலாம்" என்றார். அத்தையும் அதையே சொன்னார். அம்மாதான் ஒரே பிடியாக நின்றார். "அவர் வாய்க்குள்ள கத்தி வைக்கப் போறாங்க. அவருக்குத் தெரியாம எப்படி?" என்றார்.

டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அப்பாவை எதிரில் உட்காரவைத்தே பேசச் சொன்னோம். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்ட முதல் கேள்வி, "அறுவடைக் கணக்கு முடியற வரைக்கும் தள்ளிப்போடலாமா?" என்பதுதான். முடியாது என்றார் டாக்டர். சரி என்றார் அப்பா.

பின்னால் வந்த ஒவ்வொரு கட்டத்திலும் அவர் தெரிந்துகொண்டதுதான் எங்களைக் காப்பாற்றியது. இந்தச் சிகிச்சையில் நோயாளி செய்யவேண்டிய வேலை நிறைய. வாய் கொப்பளிக்க வேண்டும், வலித்தாலும் வாயைத் திறந்து பயிற்சி செய்ய வேண்டும், முகத்தில் மாஸ்க் போட்டு அசையாமல் படுக்க வேண்டும். அல்சர் என்று சொல்லி ஏமாற்றியவரிடம் இதையெல்லாம் எந்த முகத்தோடு கேட்பது? பெரும்பாலான நோயாளிகளுக்கு அரைகுறையாகத் தெரிந்துதான் இருக்கிறது. நாம் மறைக்கும்போது அவர்களும் நமக்காக மறைக்கிறார்கள். ஒரே வீட்டில் இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருப்பதுதான் மிச்சம்.

நாலாவது ஸ்டேஜ் என்றால் அவ்வளவுதானா?

ரிப்போர்ட்டில் 4ஏ என்று பார்த்ததும் எனக்கும் கை கால் ஓடவில்லை. ஆனால் வாய்ப்புற்றுநோயில் கட்டி தாடை எலும்புக்குள் புகுந்தாலே 4ஏ என்று எழுதிவிடுவார்கள். நுரையீரல் மாதிரி தூர இடத்துக்குப் பரவியிருந்தால் அது 4சி. இரண்டும் ஒன்றல்ல. 4ஏ என்பது பெரும்பாலும் ஆபரேஷன் செய்து குணப்படுத்தும் நோக்கத்தோடு சிகிச்சை தரும் நிலைதான். எனவே நம்பரை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். "குணப்படுத்தும் நோக்கத்தில் செய்கிறீர்களா, கட்டுக்குள் வைக்கச் செய்கிறீர்களா?" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். இதைவிட முக்கியமான கேள்வி இல்லை.

எங்கே காட்டுவது? சென்னைக்குத்தான் போக வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆபரேஷன் டாக்டர், கரண்ட் டாக்டர், கீமோ டாக்டர் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்கும் இடமா என்று மட்டும் பாருங்கள். அடையாறு புற்றுநோய் நிலையம் எல்லோருக்கும் தெரிந்தது. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது அது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. எங்கள் டெல்டாப் பக்கத்திலிருந்து நிறைய பேர் புதுச்சேரி ஜிப்மருக்குப் போகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கேட்டுப் பாருங்கள்.

ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்குத் தூரம் போனாலும் சமாளித்துவிடலாம். கரண்ட் என்பது வாரத்தில் 5 நாள், 6 வாரம். அதற்குத் தினமும் போய் வரும் தூரத்தில் தங்க இடம் வேண்டும். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கினோம். அடுப்பு வைத்துக்கொள்ள அனுமதிக்கும் அறையாகத் தேடியது ரொம்ப உதவியாக இருந்தது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

செலவை எப்படிச் சமாளித்தீர்கள்?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று வேண்டும். கார்டு இல்லாதவர்கள் டெஸ்ட் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கும் நாட்களிலேயே இதற்கு அலைந்துவிடுங்கள். அட்மிஷன் நாளன்று ஓட முடியாது. தனியார் மருத்துவமனைகள் சிலவும் இந்தத் திட்டத்தில் இருக்கின்றன. எந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு அனுமதி என்று அங்கே இருக்கும் காப்பீட்டு கவுண்டரில் கேட்டால் சொல்வார்கள்.

ரயிலில் சலுகை உண்டு. சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுதும் தள்ளுபடி. கூடப் போகும் ஒருவருக்கு அந்த வகுப்புகளில் 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். இது பலருக்குத் தெரியாமலே முழு டிக்கெட் எடுக்கிறார்கள்.

காப்பீட்டில் வராத செலவுகள்தான் சத்தமில்லாமல் ஏறும். அறை வாடகை, ஆட்டோ, சத்து மாவு, கூட இருப்பவர் வேலைக்குப் போகாத சம்பளம். இதற்கென்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

காலில் இருந்து எலும்பு எடுத்தார்களாமே? அப்புறம் எப்படி நடக்கிறார்?

இதைக் கேட்காதவர்களே இல்லை. நோய் பட்ட தாடை எலும்பை வெட்டி எடுத்துவிட்டால் முகம் ஒரு பக்கம் குழிந்துவிடும். அந்த இடத்தில் வைக்க முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கும் மெல்லிய எலும்பை, அதோடு சேர்ந்த தோல், இரத்தக்குழாயோடு எடுக்கிறார்கள். உடம்பின் பாரத்தைத் தாங்குவது பக்கத்தில் இருக்கும் பெரிய எலும்பு. அதனால் நடக்க முடிகிறது. முட்டிக்கும் கணுக்காலுக்கும் பக்கத்தில் கொஞ்சம் எலும்பை விட்டுவிடுவார்கள். எடுத்த எலும்பைத் தாடையின் வளைவுக்கு ஏற்றபடி துண்டுபோட்டு, பிளேட் வைத்துப் பொருத்தி, இரத்தக்குழாயைக் கழுத்தில் இருக்கும் குழாயோடு மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தைக்கிறார்கள். காலையில் உள்ளே போனவர் இரவில்தான் வெளியே வந்தார். கூடவே கழுத்தில் இருக்கும் நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள்.

ஐசியூவில் முதல் சில நாட்கள் நர்ஸ் அடிக்கடி வந்து, வாய்க்குள் வைத்த சதையை விரலால் அழுத்தி நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பார். இரத்த ஓட்டம் நின்றால் உடனே திரும்ப ஆபரேஷன் செய்ய வேண்டும் என்பதால்தான் அவ்வளவு கவனம்.

முதல் தடவை பார்க்கும்போது முகம் வீங்கி, கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை, மூக்கில் ட்யூப், காலில் கட்டு என்று இருக்கும். பார்க்கப் போகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் எதிரில் அழாமல் இருக்க அதுவே போதும். மூச்சுத் துளை தற்காலிகமானதுதான். வீக்கம் குறைந்ததும் அப்பாவுக்கு எடுத்துவிட்டார்கள், துளை தானாக மூடிக்கொண்டது.

பேச முடியாத நாட்களில் என்ன செய்தீர்கள்?

கணக்கு எழுதும் நீளநோட்டு ஒன்றும் பேனாவும் வாங்கிக் கொடுத்தோம். மண்டியில் எழுதுவது போலவே தேதி போட்டு, கோடு போட்டு எழுதினார். "தலையணை உயரம்." "சளி எடுக்கச் சொல்." "ஃபேன் 2-ல் வை." ஒரு நாள் பார்க்க வந்தவர்கள் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அம்மாவிடம், "தூங்கறாரா? வலி இருக்கா? என்ன கொடுக்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா நோட்டை எடுத்துப் பெரிதாக எழுதிக் காட்டினார்: "என்னைக் கேளுங்கள்."

பேச்சு நின்றதும் ஆளே அங்கே இல்லாதது போல் எல்லோரும் நடந்துகொள்வார்கள். வேண்டுமென்று செய்வதில்லை, ஆனால் அது அவரை நோயைவிட அதிகமாக வதைக்கும். நாங்கள் அன்றிலிருந்து யார் வந்தாலும், "அப்பாகிட்டயே கேளுங்க, எழுதிச் சொல்வார்" என்று சொல்ல ஆரம்பித்தோம். பதில் எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பாதி வரியைப் பார்த்ததும் மீதியை நாமே சொல்லி முடிக்கக் கூடாது. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கேட்க வேண்டியதை அவரே இரவே எழுதி வைத்துக்கொள்வார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அட்டையில் தண்ணீர், வலி, பாத்ரூம், சளி என்று படம் வரைந்து கொடுக்கலாம். பக்கத்துக் கட்டில்காரருக்கு அவர் பேத்தி அப்படித்தான் வரைந்து கொடுத்தாள்.

மூக்கு ட்யூபில் என்ன கொடுத்தீர்கள்? எப்படிக் கொடுப்பது?

அம்மாவின் துறை இது. டயட்டீஷியன் எழுதிக் கொடுத்த பட்டியலை வைத்து, எங்கள் வீட்டுச் சாப்பாட்டையே ட்யூபில் போகும்படி மாற்றினார். அறையில் அடுப்பு வேண்டும் என்றது இதற்குத்தான்.

காலையில் ராகிக்கூழ் பாலில் காய்ச்சியது. அப்புறம் சத்துமாவுக் கஞ்சி. மதியம் குழைய வடித்த சாதம், பாசிப்பருப்பு, கேரட், ஒரு ஸ்பூன் எண்ணெய் சேர்த்து மிக்ஸியில் நைசாக அரைத்தது. சாயங்காலம் மோர் அல்லது டயட்டீஷியன் சொன்ன புரதப் பவுடர் கலந்த பால். முட்டை சாப்பிடுகிற வீடாக இருந்தால் நன்றாக வேகவைத்து அரைத்துச் சேர்க்கலாம், பச்சை முட்டை வேண்டாம். எல்லாவற்றையும் பழைய மல்லு வேட்டித் துணியில் வடிகட்டுவார். மிக்ஸியில் அரைத்தது கண்ணுக்கு நைசாகத்தான் தெரியும், துணியில் பிழிந்தால்தான் எவ்வளவு திப்பி நிற்கிறது என்று தெரியும். அந்தத் திப்பிதான் ட்யூபை அடைப்பது. ராகி ஆற ஆற இறுகும். அதனால் கொடுக்கும் நேரத்தில் வெந்நீர் விட்டு மறுபடி நீர்க்கக் கலக்க வேண்டும்.

கொடுக்கும் முறையை டிஸ்சார்ஜுக்கு முன் நர்ஸிடம் கேட்டு, அவர் எதிரிலேயே நீங்கள் ஒரு தடவை செய்து காட்டுங்கள். தலைமாட்டை நன்றாக உயர்த்தி உட்காரவைத்து, ட்யூபில் போட்ட குறி மூக்கருகே அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிரிஞ்சின் உள்தண்டை எடுத்துவிட்டு, வெறும் குழாயை ட்யூபில் செருகி, கஞ்சியை ஊற்றித் தானாக இறங்க விட வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் வாந்தி வரும். ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி, 2 அல்லது 3 மணி நேரத்துக்கு ஒரு முறை என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். முன்னும் பின்னும் கொஞ்சம் வெறும் தண்ணீர் விட வேண்டும். முடிந்ததும் அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. இருமல், மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். ட்யூப் நழுவி வெளியே வந்தால் நீங்களே உள்ளே தள்ளாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். மாத்திரையைப் பொடி பண்ணிக் கொடுக்கும் முன் அதைப் பொடிக்கலாமா என்று கேளுங்கள். சில மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது.

அப்பா தன் நோட்டிலேயே மணி, என்ன உணவு, எத்தனை மில்லி என்று எழுதிக்கொண்டார். வாரத்துக்கு ஒரு முறை எடை. டயட்டீஷியன் அந்தப் பக்கங்களைப் பார்த்துவிட்டு எண்ணெயைக் கூட்டுங்கள், பருப்பைக் கூட்டுங்கள் என்று சொல்வார். கேள்வி கேட்டால் பதில் சொல்ல எதிரில் ஒரு ஆள் இருந்தார் என்பதுதான் எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

கரண்ட் வைக்கும் முன் பல்லைப் பிடுங்கினார்களே, ஏன்?

கரண்ட் பட்ட தாடை எலும்பில் இரத்த ஓட்டம் குறைந்துவிடும். பிறகு எப்போதாவது பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பு செத்துப்போகும் அபாயம் உண்டு. அதனால் சொத்தையான, ஆடுகிற பல்லை முன்பே எடுத்து, ஆறுவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் விடுகிறார்கள். இனி எந்தப் பல் டாக்டரிடம் போனாலும், "கழுத்துக்குக் கரண்ட் வைத்திருக்கு" என்று முதலில் சொல்லிவிட வேண்டும். பத்து வருஷம் கழித்துப் போனாலும்தான்.

கரண்ட் வைப்பது வலிக்குமா?

வைக்கும்போது வலி இல்லை, சூடுகூட இல்லை. சில நிமிஷங்களில் முடிந்துவிடும். ஆனால் அசையக் கூடாது என்பதால் முகத்துக்கு ஒரு மாஸ்க் செய்வார்கள். வெந்நீரில் இளகவைத்த வலை போன்ற பிளாஸ்டிக்கை முகத்தின்மேல் வைத்து அழுத்தி அச்சு எடுக்கிறார்கள். தினமும் அதைப் போட்டு மேஜையோடு பூட்டிவிடுவார்கள். முதல் நாள் அப்பாவுக்கு மூச்சு முட்டுவது போல் இருந்ததாம். வலை ஓட்டை வழியாகக் காற்று வருகிறது என்று தெரிந்தபிறகு பயம் போய்விட்டது. கையைத் தூக்கினால் உடனே நிறுத்திவிடுவார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

சிரமம் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான் தொடங்கும். வாயெல்லாம் வெந்தது போல் புண்ணாகும். எச்சில் பசை போல் கெட்டியாகும், அப்புறம் வற்றிப்போகும். ருசி போய்விடும். கழுத்துத் தோல் கறுத்து உரியும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து நாள் முழுதும் கொப்பளிக்கச் சொன்னார்கள். கடையில் விற்கும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் கூடாது. கழுத்தில் பவுடர், எண்ணெய், சோப்பு எதையும் கேட்காமல் போடாதீர்கள். சட்டைக் காலர் உரசாமல் வட்டக் கழுத்து பனியன் போட்டுவிட்டோம்.

முடிகிற தேதியை வட்டம் போட்டு வைத்துக்கொண்டு, மறுநாளே சரியாகிவிடும் என்று எதிர்பார்ப்பார்கள். முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் புண் அதிகமாகத்தான் இருக்கும். பிறகுதான் மெல்ல ஆறும். இதை முன்பே தெரிந்து வைத்திருந்தால் மனசு உடையாது. நடுவில் நாள் விடக்கூடாது என்பதும் முக்கியம். பண்டிகைக்கு ஊருக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம்.

கீமோவும் சேர்த்துக் கொடுத்தார்களா? முடி கொட்டியதா?

எல்லோருக்கும் தேவைப்படாது. அப்பாவுக்குக் கழுத்து நெறிக்கட்டி ஒன்றில் நோய் சுவரைத் தாண்டி வெளியே வந்திருந்ததால், கரண்டோடு வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றினார்கள். அதில் முடி பெரிதாகக் கொட்டாது. சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் முன்னும் பின்னும் நிறைய சலைன் போகும். காதில் இரைச்சல் கேட்டால் சொல்லச் சொன்னார்கள். கீமோ நடக்கும் காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. வெள்ளணு குறைந்திருக்கும் நேரத்தில் சாதாரணக் காய்ச்சல் என்று ஒன்று கிடையாது.

மார்ஃபின் கொடுத்தார்களாம். கடைசிக் கட்டத்தில்தானே அது?

இல்லவே இல்லை. கரண்ட் புண்ணில் எச்சில் முழுங்கவே முடியாத சில வாரங்களுக்கு அப்பாவுக்குக் கொடுத்தார்கள். புண் ஆறியதும் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டார்கள். டாக்டர் சொன்ன அளவில் வலிக்காக எடுத்துக்கொண்டால் அடிமையாகிவிடுவார் என்ற பயம் தேவையில்லை. மலச்சிக்கல் வரும். அதற்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்குங்கள். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டால் சாப்பாடு, தூக்கம், வாய்ப்பயிற்சி எல்லாம் நின்றுபோகும்.

பப்பாளி இலைச் சாறு, முள் சீத்தா, சர்க்கரையை நிறுத்துவது, இதெல்லாம் செய்தீர்களா?

செய்யவில்லை. இந்த யோசனைகளை அனுப்பியவர்கள் எல்லோரும் பாசத்தில் அனுப்பியவர்கள்தான், ஆனாலும் செய்யவில்லை. கீமோ நடக்கும்போது சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் ஏற்கெனவே வேலை அதிகம். என்ன இருக்கிறது என்று தெரியாத சாற்றை அதன்மேல் ஏற்றக் கூடாது. எதையாவது கொடுக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். சர்க்கரையைத் தொடாமல் விட்டால் கட்டி வாடிவிடும் என்பதும் உண்மையல்ல. எடை குறையாமல் பார்ப்பதுதான் அந்த நேரத்தில் முக்கியம். சர்க்கரை நோய் இருப்பவர்கள் மட்டும் அதற்கான கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

குழந்தைகள் பக்கத்தில் போகலாமா? தனித் தட்டு, டம்ளர் வேண்டுமா?

புற்றுநோய் ஒட்டுவாரொட்டி இல்லை. இப்படி வெளியிலிருந்து மெஷினில் கரண்ட் வைத்துக்கொண்டவர் உடம்பிலிருந்து கதிர்வீச்சும் வெளியே வராது. என் மகன் தாத்தா மடியில்தான் ஹோம்வொர்க் எழுதினான். சளி, காய்ச்சல் இருப்பவர்கள் மட்டும் தள்ளி இருங்கள். அது நோயாளியைப் பாதுகாக்க.

இப்போது என்ன சாப்பிடுகிறார்? பேச்சு தெளிவாக இருக்கிறதா?

முதலில் ஒரு ஸ்பூன் தண்ணீர். முழுங்கும்போது இருமல் வருகிறதா என்று தெரப்பிஸ்ட் பார்த்துத்தான் அடுத்த ஸ்பூனுக்கு அனுமதித்தார். பிறகு கூழ், மசித்த இட்லி, குழைந்த தயிர்சாதம். ட்யூபை எடுத்த பிறகும் மாதக்கணக்கில் எல்லாம் அட்டை மாதிரி இருக்கிறது என்றார். ருசி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. முதலில் புளிப்பு தெரிந்ததாம். காரம் இன்னும் ஆகாது. எச்சில் குறைவு என்பதால் எதற்கும் குழம்பையோ மோரையோ ஊற்றிக்கொள்கிறார். தண்ணீர் பாட்டில் எப்போதும் கூடவே இருக்கும்.

தினமும் செய்வது வாய் திறக்கும் பயிற்சி. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி, பல்லுக்கு நடுவில் செருகி, சில விநாடி வைத்திருப்பது. கொஞ்ச நாள் கழித்து அடுக்கில் இன்னும் ஒரு குச்சி. ஆபரேஷனுக்கும் கரண்டுக்கும் பிறகு தாடைத் தசை இறுகிக்கொண்டே போகும். விட்டுவிட்டால் ஸ்பூன்கூட நுழையாது, பிறகு சரிசெய்வது மிகக் கஷ்டம். இதை டாக்டரோ ஃபிசியோதெரப்பிஸ்டோ சொல்லும் நாளிலிருந்து ஆரம்பித்துவிடுங்கள். கழுத்து ஆபரேஷனால் தோள்பட்டை தொங்கும், கையை மேலே தூக்க முடியாது. சுவரில் விரலால் ஏறும் பயிற்சி அதற்கு.

பேச்சில் ப, ம எழுத்துகள்தான் சிரமப்பட்டன. கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு தாடைக்குள் ஓடுகிறது, எலும்போடு அதுவும் போய்விட்டது. உதடு மரத்திருப்பதால் பருக்கை ஒட்டியிருந்தாலும் அவருக்குத் தெரியாது. சட்டைப்பையில் சின்னக் கண்ணாடியும் கைக்குட்டையும் வைத்திருக்கிறார். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காரத் தயங்கினார். அவருக்குப் பழக்கமான நான்கு பேரோடு முன்பந்தியில் உட்காரவைத்தோம், இப்போது போகிறார். போனில் பேசினால் புதிதாகக் கேட்பவர்களுக்குப் பாதிதான் புரியும். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்டால் கோபப்பட மாட்டார். புரிந்தது போல் தலையாட்டினால்தான் கோபம் வரும்.

கூட இருந்து பார்த்துக்கொள்பவர் எப்படித் தாங்குவது?

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. அப்பாவின் கஞ்சிக்கு மணி தவறாதவர், தன் மாத்திரையைத் தவறவிடுவார். அத்தை வந்து இரவுகளை எடுத்துக்கொண்ட பிறகுதான் அம்மா தூங்கினார். "ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க" என்பவர்களிடம் தயங்காமல் வேலையாகவே சொல்லிவிடுங்கள்: செவ்வாய்க்கிழமை நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட வாருங்கள், வீட்டு மின்சார பில் கட்டிவிடுங்கள், பையனை ஸ்கூலில் விடுங்கள் என்று.

திரும்ப வருமா?

வரலாம். வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் என்பதால்தான் அந்தக் காலத்தில் அடிக்கடி வரச் சொல்கிறார்கள். முதல் ஆண்டில் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பிறகு இடைவெளி கூடும். 5 ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. கழுத்தில் கரண்ட் வைத்தவர்களுக்குத் தைராய்டு குறையக்கூடும் என்பதால் 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறை டிஎஸ்ஹெச் இரத்தப் பரிசோதனை உண்டு. காரணமில்லாத சோர்வு, எடை ஏற்றம் இருந்தால் இதையும் நினைவில் வையுங்கள். செக்கப்புக்கு முந்தைய வாரம் வீட்டில் எல்லோரும் கொஞ்சம் சிடுசிடுவென்று இருப்போம். அது இன்னும் மாறவில்லை.

புகையிலை இல்லாமல் வெறும் வெற்றிலை பாக்கு போடலாமா?

எங்கள் ஊரில் அதிகம் கேட்கும் கேள்வி. பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. வெற்றிலையை விட பாக்கும் புகையிலையும்தான் வில்லன்கள். சிகிச்சை முடிந்தவர் மறுபடி போட்டால் வாயின் இன்னொரு பக்கத்தில் புதிதாக வரவும் வாய்ப்பு இருக்கிறது.

அப்பா ஆபரேஷனுக்கு முந்தைய நாள் வெற்றிலைப் பெட்டியை சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டார். விடுவது சுலபமாக இல்லை, சாப்பிட்டதும் கை தானாக இடுப்பு மடிப்புக்குப் போகும். விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை தருகிறார்கள். மண்டியில் அப்பாவோடு வேலை பார்த்தவர்களை அவரே கூப்பிட்டு வாயைக் காட்டச் சொல்லி அனுப்பினார். போனவர்களில் ஒருவருக்கு வெள்ளைத் திட்டு இருந்தது, சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் இல்லை. அவர் இப்போது பாக்கை விட்டுவிட்டு, டாக்டர் சொன்ன தேதிகளில் காட்டிக்கொண்டிருக்கிறார்.